வாடை, கச்சான், மூன்று வரி: தினம் ஒரு ஹைக்கூ எழுதத் தொடங்குவோருக்கு

மனசு கனத்துக் கிடக்கும் நாளில் நோட்டை எடுத்தால் பேனா கனத்ததைப் பற்றியேதான் ஓடும். நாலு பக்கம் எழுதி முடித்தாலும் பாரம் இறங்காது, சிலருக்கு ஏறும். ஜப்பானிய வழியில் வந்த மூன்று வரிக் கவிதையான ஹைக்கூ கேட்கும் வேலை வேறு. பத்து நிமிடம் கண்ணை வெளியே வைக்க வேண்டும், கண்டதில் ஒன்றை மூன்று வரியில் வைக்க வேண்டும், நோட்டை மூடிவிட வேண்டும். அவ்வளவுதான். துக்கத்தை எழுதச் சொல்லவில்லை. துக்கம் இருக்கும் வீட்டு வாசலில் இன்று என்ன கிடக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. ஆறுதல் வருவது அந்தப் பார்வையில்தான். கவிதை நன்றாக வந்ததா என்பது இரண்டாம் பட்சம்.

ராமநாதபுரம் கரையில், தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை கடலைப் பார்த்து வாழ்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். கரையை விட்டு உள்ளே தள்ளி இருப்பவர்கள் கடலுக்குப் பதில் ஊருணியை வைத்துக்கொள்ளலாம்.

நோட்டும் பேனாவும்

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு போதும். ஆனால் பின் அடித்த நோட்டு வேண்டாம். கடற்காற்றின் உப்பில் பின் துருப்பிடித்து நடுத்தாள் முதலில் கழன்று வரும். நூலால் தைத்த நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். ஜெல் பேனாவும் மைப்பேனாவும் ஈரக்கையில் பரவும். பால்பாயின்ட் பேனா அல்லது பென்சில் நல்லது. மழை மாதங்களில் நோட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேல்பாதியில் மட்டும் எழுதுங்கள், கீழ்ப்பாதி காலியாக இருக்கட்டும். 100 தாள் நோட்டு இப்படி ஆறரை மாதம் வரும். தாளை மிச்சம் பிடிக்க ஒரே பக்கத்தில் நாலு நாளை அடைத்தால் நேற்றையதைப் பார்த்து இன்றையது எழுதும் பழக்கம் வந்துவிடும். வந்தால் ஒரே கவிதையைத்தான் முப்பது தடவை எழுதுவீர்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி கவிதை இல்லை. தமிழ் மாதம், தேதி, காற்று, கடல். இப்படி:

கார்த்திகை 12. வாடை. வடகடல் கலங்கல்.

வாடை என்பது வடக்கிருந்து வரும் காற்று. இந்த வரியை எழுத அரை நிமிடம் ஆகாது. ஆனால் எழுதுவதற்காக ஒருமுறை வெளியே தலையை நீட்டியே ஆக வேண்டும். எழவே மனசில்லாத நாளில் இந்த ஒரு வரியோடு நோட்டை மூடிவிடலாம்; அந்த நாளும் கணக்கில் சேரும்.

எப்போது எழுதுவது

தனியாக நேரம் ஒதுக்காதீர்கள், நிலைக்காது. ஏற்கெனவே தினமும் சும்மா நிற்கும் ஒரு நேரத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள்: குடிநீர்க் குழாயில் முறை வரும்வரை, டீக்கடையில் டீ ஆறும்வரை, பேருந்துக்குக் காத்திருக்கும்வரை. நாலு நிமிடம் பார்ப்பதற்கு, மூன்று நிமிடம் குறிப்பெடுக்க, மூன்று நிமிடம் வரியாக்க. பத்தைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். அரைமணி நேரம் உட்கார்ந்தால் பார்த்த பொருள் போய், பழைய நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரவு படுக்கையில் எழுதுவதைப் பரிந்துரைக்க மாட்டோம். இருட்டில் பார்க்க ஒன்றும் இருக்காது. மனசு மட்டும்தான் இருக்கும். சாயங்காலம் பொருந்தும். நம் இலக்கணம் நெய்தல் நிலத்துக்குப் பொழுதாக எற்பாட்டை, அதாவது சூரியன் சாயும் நேரத்தை, வைத்தது. அதன் உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரிய உணர்வு, இரங்கல். கடற்கரையில் மாலை நேரம் மனசைப் பிசையும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை.

பார்க்கும் நாலு நிமிடம்

கவிதையைத் தேடிப் பார்க்காதீர்கள். ஐந்து பொருள் எண்ணுங்கள்: கண்ணில் பட்டது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று, கை தொட்டது ஒன்று, மூக்குக்கு எட்டியது ஒன்று, அசைந்தது ஒன்று. வெறும் பெயராகவே குறியுங்கள். 'அழகிய', 'மெல்லிய', 'தனித்த' எதுவும் வேண்டாம். பிறகு நேற்று எழுதியிருக்க முடியாதது எது என்று பார்த்து அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் பெரும்பாலும் கையும் மூக்கும் தந்ததுதான் உருப்படியாக இருக்கும். கண் எல்லோருக்கும் ஒரே படத்தைக் காட்டிவிடும்: அலை, நிலா, படகு.

பெயரைச் சரியாகக் குறியுங்கள். 'மீன்' என்று எழுதாமல் சூடையா, நெத்திலியா, காரலா என்று எழுதுங்கள். 'படகு' என்றால் வல்லமா, விசைப்படகா? 'மரம்' என்றால் பனையா, உடைமரமா? பெயர் தெரியவில்லையென்றால் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். நாலு நாளாக யாரிடமும் பேசாமல் இருப்பவருக்கு, 'அண்ணே, இது என்ன மீன்?' என்று வாய் திறப்பதே ஒரு வேலை நடந்த மாதிரி.

பருவச்சொல்: நம் கரைக்கு நம் அகராதி

ஜப்பானிய ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் ஒரு சொல் இருக்கும். அதைக் 'கிகோ' என்பார்கள். பருவச்சொற்களைத் திரட்டிய 'சைஜிகி' என்ற தொகுப்புகளும் அங்கே உண்டு. செர்ரிப் பூ என்றால் வசந்தம், நிலா என்றால் இலையுதிர் காலம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே பனிப்பொழிவை எழுதக் கூடாது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரித்து, நிலமும் பொழுதும் அதில் வாழ்வனவும் பேசினாலே உள்ளம் புரியும் என்று வைத்த மரபு நமக்கே இருக்கிறது. ஐங்குறுநூற்றுப் பாட்டுகள் 3 அடி முதல் 6 அடிக்குள் இதைச் செய்கின்றன. ஹைக்கூவுக்கு முதலும் கருவும் எழுதினால் போதும், உரியை எழுத வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாடம் முடிந்தது.

நோட்டின் கடைசி நாலு தாளை உங்கள் அகராதிக்கு ஒதுக்குங்கள். காற்றில் தொடங்குவதே சரி, ஏனென்றால் இந்தக் கரையில் பருவம் என்பது முதலில் காற்று. ஐப்பசிக்கு மேல் வாடை விழுந்தால் பாக் ஜலசந்திப் பக்கமுள்ள வடகடல் புரளும், மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசி, ஆனியில் தென்மேற்குக் காற்றான கச்சான் எழுந்தால் இது தலைகீழ். மண்டபத்திலும் பாம்பனிலும் இருப்பவர்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் இரண்டு கடல், ஒரே நாளில் இரண்டு குணம். மனசு கொந்தளிக்கும் நாளில் அடங்கிய கடலின் பக்கம் போய் எழுதலாம். சிலர் வேண்டுமென்றே புரளும் பக்கம் போவார்கள். இரண்டுமே செய்து பாருங்கள்.

மற்றவை மாதத்தோடு வரும். தையில் பனங்கிழங்கு. வாடை மாதங்களில் தனுஷ்கோடிப் பக்கம் இறங்கும் பூநாரை. பங்குனியில் தரையெல்லாம் சிவக்கக் காயும் குண்டு மிளகாய், அந்த நெடி, தும்மல். சித்திரையில் பதநீர், நுங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். வரிசையாகக் கட்டிக்கிடக்கும் படகுகளும், பகலில் வீட்டில் இருக்கும் ஆண்களும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் எள்ளும் தண்ணீரும் விடும் கூட்டம். ஐப்பசி மழையில் நிரம்பும் ஊருணி. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடும் ரமலான் நோன்பும் பிறைக் கணக்கில் வருபவை. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே நோன்பு என்று மட்டும் எழுதினால் பருவம் தெரியாது. நோன்புக் கஞ்சியோடு கச்சானையோ அடைமழையையோ சேர்த்தால் எந்த ஆண்டு நோன்பு என்பதுகூடப் பிற்பாடு ஞாபகத்துக்கு வரும்.

வெட்டு

மூன்று வரியில் ஒரு வாக்கியத்தை உடைத்துப் போட்டால் அது ஹைக்கூ ஆகாது. இரண்டு காட்சி வேண்டும், நடுவில் ஓர் இடைவெளி வேண்டும். ஜப்பானியத்தில் இதற்கென்று 'கிரெஜி' என்ற வெட்டுச்சொற்கள் உண்டு. நமக்கு முதல் வரியைப் பெயர்ச்சொல்லில் நிறுத்தினாலே வெட்டு விழுந்துவிடும். ஒரு வரி ஒரு காட்சி, மற்ற இரண்டு வரி இன்னொரு காட்சி. தொடங்குபவர்களுக்கு இந்த அமைப்பு ஒன்றே போதும்.

மூன்றாம் எண் கூண்டு
பாட்டி எண்ணிப் பார்க்கிறாள்
தீக்குச்சிகளை

புயல் என்ற சொல் இல்லை, மின்சாரம் போகும் என்ற சொல் இல்லை, பயம் இல்லை. கூண்டும் தீக்குச்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சோதித்துப் பார்க்க ஒரு வழி: மூன்று வரியையும் ஒரே மூச்சில் சேர்த்துப் படியுங்கள். செய்தித்தாள் வாக்கியம் மாதிரி தடையின்றி ஓடினால் வெட்டு இல்லை.

ஒரு கவிதை நாலு தடவையில்

அம்மா போன வீடு. எடுத்த குறிப்பு இது: 'வாசல். அம்மா செருப்பு. உள்ளே மணல். வடக்கிருந்து காற்று. பூனை.' பெரும்பாலும் முதலில் வருவது இப்படி இருக்கும்:

அம்மா இல்லாத வீடு
செருப்பும் அழுகிறது
தனிமையில் நானும்

குறிப்பில் இருந்த மணலும் காற்றும் எங்கே போயின? அழுவதும் தனிமையும் குறிப்பில் இல்லவே இல்லை, எழுதும்போது நுழைந்தவை. செருப்பு அழாது. அழவைத்தால் படிப்பவர் செருப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு எழுதியவரைப் பார்ப்பார். அடுத்தது:

அம்மாவின் செருப்பு
வாசலில் தனியாக
இன்னும் காத்திருக்கிறது

பரவாயில்லை. ஆனால் 'தனியாக', 'இன்னும்', 'காத்திருக்கிறது' மூன்றும் கொல்லைப்புறமாக வந்த அழுகைதான். அவற்றை எடுத்தால் மிஞ்சுவது செருப்பும் வாசலும். மறுபடி குறிப்புக்குப் போக வேண்டும்:

அம்மாவின் செருப்புக்குள்
மணல் சேர்ந்திருக்கிறது
வாடைக்காற்று வீசுகிறது

இப்போது கண்டது மட்டும் இருக்கிறது. ஆனால் இரண்டு முற்றுவினை. காட்சிக்குப் பின்னாலேயே காரணமும் வந்துவிட்டது. 'காற்று அடித்தது, அதனால் மணல்' என்று கணக்கு முடிந்துவிடுகிறது. அம்மா ஊருக்குப் போயிருக்கிறாளா, செத்துப் போனாளா என்பதும் தெரியவில்லை. வினையைக் குறைத்து, நாளைச் சேர்த்தால்:

நாற்பதாம் நாள்
அம்மாவின் செருப்புக்குள்
வாடை கொண்டுவந்த மணல்

நாற்பதாம் நாள் என்றதும் சாவு சொல்லப்பட்டுவிட்டது. உங்கள் வீட்டில் எண்ணுவது பதினாறாம் நாள் என்றால் அதை வையுங்கள். யாரும் போட்டு நடக்காத செருப்பில்தான் மணல் சேரும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பூனையை விட்டுவிட்டோம், அது நாளைக்கு ஆகும்.

நாலு தடவையும் ஒரே நாளில் எழுத வேண்டாம். முதல் இரண்டோடு பத்து நிமிடம் முடிந்துவிடும். மீதி வாரக் கடைசிக்கு.

எழுத்தை எண்ணலாமா

5, 7, 5 என்று பதினேழு அசை என்பார்கள். ஜப்பானியர் எண்ணுவது நம் நேரசை, நிரையசை இல்லை. அவர்களுக்குக் குறில் ஒன்று, நெடில் இரண்டு, தனித்து நிற்கும் 'ன்' ஒலியும் ஒன்று. நம் மாத்திரைக் கணக்குக்கு அது கொஞ்சம் நெருக்கம். ஆனால் நம் விகுதிகளைச் சுமந்துகொண்டு பதினேழு மாத்திரைக்குள் தமிழை அடைத்தால் மூச்சு முட்டும். கட்டளைக் கலித்துறை என்ற நம் பாவகையில் நிரையசையில் தொடங்கும் அடிக்கு, ஒற்றை, அதாவது புள்ளி வைத்த எழுத்தை, நீக்கிப் பதினேழு எழுத்து என்று கணக்கு. அதாவது நம் புலவர்கள் ஓரடியில் வைத்ததைத்தான் இது மூன்றாக மடிக்கிறது. அந்த வழியில் ஒற்றை விட்டு எண்ணினால் மேலே உள்ள கூண்டுக் கவிதை சரியாக 5, 7, 5. செருப்புக் கவிதை 4, 7, 8. இரண்டாவது ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒற்று நீக்கி 12 முதல் 20 எழுத்துக்குள் நின்றால் போதும் என்பது எங்கள் அளவு. சொல்லாக எண்ணினால் ஆறிலிருந்து ஒன்பது.

அடிக்கடி கெடும் இடங்கள்

தமிழ் ஹைக்கூவின் பெரிய வியாதி மூன்றாவது வரி. விடுகதைக்கு விடை சொல்வது மாதிரி, மேடையில் கைதட்டலுக்கு நிறுத்துவது மாதிரி, கடைசி வரியில் ஒரு குத்து. நமக்குப் பட்டிமன்றக் காது. அதனால் இது இயல்பாக வரும். குத்து வந்தால் கவிதை அங்கேயே தீர்ந்துவிடும், மறுநாள் படித்தால் ஒன்றும் இருக்காது. மனிதரைக் கிண்டலாக எழுதும் சென்ரியு என்ற வகை தனியே உண்டு. அதை எழுத ஆசை வந்தால் எழுதுங்கள், ஆனால் இந்த நோட்டில் வேண்டாம். குத்து வந்துவிட்டதா என்று பார்க்க, மூன்றாம் வரியைத் தூக்கி முதல் வரியாக வையுங்கள். அப்படியும் நின்றால் நல்லது.

'போல' வந்தால் அடித்துவிடுங்கள். மணல் சாம்பல் போல இருக்கலாம். மணலை மட்டும் எழுதுங்கள்.

பெரிய சங்கதியைத் தூக்கவும் கூடாது. தனுஷ்கோடிக்குப் போனவர்கள் ஊரைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவையே மூன்று வரியில் கொண்டுவரப் பார்ப்பார்கள். மூன்று வரி அதைத் தாங்காது. இன்று அங்கே இருப்பதை எழுதுங்கள்:

பாதிச் சுவர்
பவளக்கல் துளைக்குள் போகும்
ஒற்றை எறும்பு

காணாததை எழுதுவது இன்னொரு தவறு. மே மாதத் தடைக்காலக் கவிதையில் படகுக் கயிற்றில் பள்ளிச் சீருடையைக் காயப்போட்டால் உள்ளூர்க்காரர் உடனே பிடித்துவிடுவார்: பள்ளிதான் லீவாச்சே! கண்ணால் கண்டிருந்தால் இது வந்திருக்காது:

தடைக்காலம்
நங்கூரக் கயிற்றில் காயும்
குழந்தையின் சட்டை

பிறர் துயரத்தைப் பார்த்து எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் பாறையில் கை கிழியாமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். அந்தத் துணியை எழுதலாம். 'ஏழைத் தாயின் கண்ணீர்' என்று எழுதினால் அவர்களே சிரிப்பார்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கு

கடலே தெரியாமல் கட்டிலில் கிடப்பவரும், அவருக்குத் துணையிருப்பவரும் இதைச் செய்யலாம். 'ஹைக்கூ' என்ற பெயரையே நிலைக்கச் செய்த ஷிகி, முதுகெலும்புக் காசநோயில் ஆண்டுக்கணக்காகப் படுத்தபடியே எழுதியவர். 1902இல் சாவதற்கு முன் கடைசியாக எழுதியதும் தோட்டத்துப் பீர்க்கங்கொடியைப் பற்றித்தான். இன்னொரு ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸா 1819இல் சின்ன மகளை அம்மைநோய்க்குப் பறிகொடுத்துவிட்டு எழுதிய கவிதையில் இருப்பது பனித்துளி. இந்த வடிவம் தமிழுக்குப் புதிதும் இல்லை. 1916லேயே பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

ஆஸ்பத்திரி வார்டில் பார்க்க நிறைய இருக்கிறது: மேசை மேல் உரித்த சாத்துக்குடி, பக்கத்துக் கட்டில்காரரின் டிபன் பாக்ஸ் மூடி, ஜன்னல் கம்பியில் துண்டு.

ஐப்பசி மழை
எண்ணிக்கொண்டிருக்கிறேன்
குளுக்கோஸ் சொட்டுகளை

கை எழுத வராதவர் சொல்லட்டும், துணையிருப்பவர் எழுதட்டும். சொன்னதைத் திருத்தாமல் எழுத வேண்டும், அதுதான் கஷ்டம்.

வாரம் ஒருமுறை

ஞாயிற்றுக்கிழமை ஏழு பக்கத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தைக் கோடிடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்து மேலே காட்டிய மாதிரி திருத்துங்கள், மற்ற ஆறைத் தொடாதீர்கள். எதையும் கிழிக்காதீர்கள், மோசமானதையும்தான். 'சோகம்', 'வலி', 'ஏக்கம்' என்ற சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். முதல் வாரத்தில் ஏழுக்கு ஏழு இருந்தாலும் கவலை வேண்டாம். மூன்றாம் வாரத்தில் குறைந்து, அந்த இடத்தில் பொருள்கள் வந்து உட்கார்ந்திருக்கும்.

விட்டுப்போன நாளுக்குப் பிற்பாடு எழுதி நிரப்பாதீர்கள். அன்றைய காற்று உங்களுக்குத் தெரியாது.

வாட்ஸ்அப் குழுவில் தினமும் போடும் ஆசை வரும். முதல் நூறு நாள் வேண்டாம் என்போம். கைவிரல் குறி எத்தனை விழுந்தது என்று பார்க்க ஆரம்பித்தால் மூன்றாம் வரியில் குத்து தானாக வந்துவிடும். காட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒருவரிடம், எதிரில் உட்கார்ந்து, நோட்டை நீட்டிக் காட்டுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், சாகத் தோன்றினால், நோட்டு போதாது. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வைத்தியத்தோடு சேர்த்து ஹைக்கூவும் எழுதலாம்.

ஓர் ஆண்டு சுற்றி வந்ததும் பழைய நோட்டை எடுத்து அதே தமிழ்த் தேதிப் பக்கத்தைத் திறவுங்கள். மேலே காற்றும் கடலும் குறித்திருக்கும். இன்றைய காற்றை அதன் பக்கத்தில் குறித்துவிட்டு, கீழ்ப்பாதியில் இன்றைய மூன்று வரியை எழுதுங்கள். தொடக்கத்தில் அதைக் காலியாக விடச் சொன்னது இதற்காகத்தான்.